கல் பங்களா ஓதம்: சுவரை அடைக்காதீர்கள், தண்ணீரைத் திருப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உதகை, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய கல் பங்களாக்களைத் தங்கும் விடுதிகளாக மாற்றும் வேலை மும்முரமாக நடக்கிறது. இடித்துத் தள்ளாமல் மாற்றி வைத்துக்கொள்கிறார்களே என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் மாற்றிய ஒன்றிரண்டு மழைக்காலத்துக்குள் பல இடங்களில் ஒரே நிலைமை: கட்டிலின் தலைமாட்டில் கரும்புள்ளியாகப் பூசணம், சுவரின் அடியில் உப்புப் பூத்துப் பொரிந்து விழும் பெயின்ட், அலமாரியைத் திறந்தால் ஈரக் கோணி வாடை. உடனே நீர்புகாப் பூச்சு அடிப்பவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் சுவரை இன்னொரு முறை மூடிவிட்டுப் போகிறார். அடுத்த மழையில் ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) ஓரடி மேலே ஏறி நிற்கிறது. கல் சுவரையும் செங்கல்-சிமென்ட் சுவரையும் ஒன்றாக நினைப்பதால் வரும் வினை இது.

நீலகிரியில் கட்டடத்துக்கு வெட்டியெடுத்த கல் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கெட்டியான கரும்பாறை. அது தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆகவே ‘கல் தண்ணீர் குடிக்கிறது’ என்பது தவறு. தண்ணீர் நுழைவதும் வெளியேறுவதும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகத்தான். ஒன்றரை, இரண்டு அடி கனச் சுவரைக் குறுக்கே பார்த்தால் வெளியே ஒரு வரிசை கல், உள்ளே ஒரு வரிசை கல், நடுவில் சில்லும் சாந்தும் கொட்டி நிரப்பிய பகுதி. மலையில் சுண்ணாம்புக்கல் கிடையாது, சமவெளியிலிருந்து ஏற்ற வேண்டும். அதனால் பல பழைய சுவர்களின் நடுவில் இருப்பது வெறும் மண் சாந்து; சந்து முகத்திலும் பூச்சிலும் மட்டும் சுண்ணாம்பு. மழை பெய்யும்போது அந்தச் சுண்ணாம்பு நனையும். மழை விட்டதும் காற்றும் வெயிலும் அதே வழியாக ஈரத்தை வெளியே இழுத்துக்கொள்ளும். கட்டியவர்கள் நனையாத சுவர் கட்டவில்லை. நனைந்து காயும் சுவர் கட்டினார்கள்.

இதில் சிமென்ட் பாயிண்டிங், அதாவது சந்தின் முகத்தைச் சிமென்ட் சாந்தால் அடைப்பது, செய்தால் என்ன ஆகும்? சிமென்ட் இறுகும்போது சுருங்கிக் கல்லின் ஓரத்தை விட்டு மயிரிழை அளவு விலகுகிறது. அந்த இழைக்குள் சாரல் தானாகவே உறிஞ்சிக்கொண்டு போகும். உள்ளே போனது திரும்பி வர அகலமான நுண்துளைப் பரப்பு வேண்டும்; அதைத்தான் சிமென்ட் அடைத்துவிட்டதே. நடுவிலுள்ள மண் சாந்து ஊறிக் கூழாகி மெல்ல அமர்கிறது. ஈரம் வேறு வழியில்லாமல் அறைப் பக்கம் திரும்புகிறது. எல்லாவற்றிலும் மோசம், கல்லைச் சுற்றிப் பட்டை போலப் புடைத்து நிற்கும் பாயிண்டிங். பார்க்க அழகென்று மலை முழுக்கச் செய்கிறார்கள். ஒவ்வொரு பட்டையும் தண்ணீர் தங்கும் ஒரு சிறு திண்ணை.

எந்த வேலையும் தொடங்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கறையின் இடமே பாதி சொல்லிவிடும். தரையிலிருந்து மூன்றடிக்குள், மேல் விளிம்பில் உப்புக் கோடு போட்டு நின்றால் மண்ணிலிருந்தோ, வெளியே தரை உயர்ந்ததாலோ, கூரைத் தண்ணீர் தெறிப்பதாலோ வருவது. மழைக்கு மறுநாள் மட்டும் கருத்து, பிறகு வெளுக்கும் திட்டு என்றால் சந்து, சன்னல் ஓரம், கூரை இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மழையே இல்லாத குளிர்நாட்களிலும் வெளிச்சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்புள்ளி பரவினால், அது அறைக்குள் உண்டான ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. கணப்படுப்பின் மேல்பகுதியில் பழுப்புக் கறை வந்தால் புகைபோக்கியில் படிந்த கரியும் உப்பும் காற்றின் ஈரத்தை இழுக்கின்றன. அங்கே எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் கறை வெளியே வரும்.

சந்தேகமிருந்தால் ஓரடிக்கு ஓரடி அலுமினியத் தாளை நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். இரண்டும் நனைந்திருப்பதும் உண்டு. ஊசி குத்திப் பார்க்கும் மின்சார ஈரமானியைக் காட்டி ‘90 சதவீதம் ஈரம்’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். அது மரத்துக்கென்று அளவிடப்பட்ட கருவி. சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த இடத்தையும் ஈரமென்று காட்டும்.

அடுத்தது வெளித் தண்ணீர். எங்கள் அனுபவத்தில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும், ஆனால் யாருக்கும் இதில் காசு போட மனம் வருவதில்லை. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர். கூரை விளிம்பில் தண்ணீரை வாங்கும் பீலி ஓரிடத்தில் ஓட்டையென்றால் அதில் பெரும்பங்கு ஒரே சுவரின் காலடியில் கொட்டும். பீலியிலும் இறங்கு குழாயிலும் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையும் சைப்ரஸ் சருகும் அடைப்பதுதான் இந்த மலையின் நிரந்தரத் தொல்லை. மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை கையை விட்டு வழித்தெடுக்க வேண்டும். உதகையின் மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழையும் வலுவாக அடிக்கும் என்பதை வைத்து எது முக்கியமான முறை என்று முடிவு செய்துகொள்ளலாம். 50 சதுர மீட்டர் கூரைக்கு ஒரு 110 மில்லிமீட்டர் இறங்கு குழாய் என்று வையுங்கள். குழாயின் வாய் சுவரடியில் முடியக் கூடாது, வாய்க்காலில் விழ வேண்டும். புகைபோக்கி கூரையைத் துளைத்து வரும் இடத்தில் சிமென்ட் பூசி மூடினால் ஒரு கோடைக்குள் வெடிக்கும். ஈயத்தகடோ துத்தநாகத்தகடோ மடித்துச் சந்துக்குள் செருக வேண்டும்.

பிறகு தரைமட்டம். முற்றத்துக்கு இன்டர்லாக் கல் பதிக்கிறோம், பூச்செடிக்கு மண் போடுகிறோம் என்று வெளித்தரையை உள் தரைக்குச் சமமாக, சில இடங்களில் அதற்கும் மேலாக உயர்த்திவிடுகிறார்கள். வெளித்தரை உள் தரையைவிடக் குறைந்தது 15 சென்டிமீட்டர், முடிந்தால் 20 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். சுவரிலிருந்து விலகி இரண்டு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். பங்களாவின் பின்பக்கம் பெரும்பாலும் மலையை வெட்டிய மேடு. ஊற்றெடுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் சுவருக்கு வருகிறது. அந்தப் பக்கம் சுவரை ஒட்டி ஓரடி அகலக் கால்வாய் தோண்டி, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணி விரித்து, துளையிட்ட 110 மில்லிமீட்டர் குழாயை 100-க்கு 1 சரிவில் போட்டு, 20 முதல் 40 மில்லிமீட்டர் ஜல்லியால் நிரப்பித் துணியை மேலே மடித்து மூடுங்கள். ஒரு எச்சரிக்கை: அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டவே கூடாது. பழைய கல் அஸ்திவாரங்கள் பல இடங்களில் இரண்டு, மூன்று அடி ஆழம்தான். முதலில் ஓரிடத்தில் சோதனைக் குழி வெட்டி ஆழத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு இரண்டு மீட்டர் இரண்டு மீட்டராகத் தோண்டி, நிரப்பி, நகர வேண்டும். முழு நீளத்தையும் திறந்து போட்டு ஒரு மழை பெய்தால் சுவரே நகர்ந்துவிடும்.

சுவரின் அடியில் துளை போட்டு ரசாயனம் ஏற்றும் முறையையும் இங்கே விற்கிறார்கள். நேரான வரிகள் கொண்ட செங்கல் சுவரில் அதற்கு ஓரளவு பலன் இருக்கலாம். நடுவில் சில்லும் பொந்தும் மண்ணுமாக இருக்கும் கல் சுவரில் ரசாயனம் தொடர்ச்சியான தடுப்பாகப் பரவ வழியே இல்லை. அந்தப் பணத்தைக் கால்வாய்க்குச் செலவிடுங்கள்.

சந்து வேலைக்கு வருவோம். பழைய சிமென்டை உளியும் சிறு சுத்தியலும் கொண்டு எடுக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும், போன விளிம்பு திரும்பாது. எடுக்க வராமல் கல்லோடு பெயர்கிறதென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு, ஆடுவதையும் விலகியதையும் மட்டும் எடுங்கள். ஆழம் சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர். தூசியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது என்ற பதத்தில் சாந்து வையுங்கள். 1 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, அரைப் பங்கு செங்கல் தூள், 2½ பங்கு கழுவிய மணல். மணல் நைசாக மட்டும் இருந்தால் சாந்து வெடிக்கும்; 4 மில்லிமீட்டர் வரை பருமனும் கலந்திருக்க வேண்டும். செங்கல் தூள் அதிகம் வேகாத செங்கல்லிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். அது எதற்கென்றால், கிளிஞ்சல் சுண்ணாம்பு போன்ற சுத்தச் சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் இறுகும். மலையின் குளிரிலும் ஈரத்திலும் அதற்கு மாதக்கணக்காகும். செங்கல் தூளோ, சுக்கான்கல் (களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்) சுண்ணாம்போ இருந்தால் ஈரத்திலேயே இறுகத் தொடங்கும். ‘கொஞ்சம் சிமென்டும் போட்டால் சீக்கிரம் பிடிக்கும்’ என்று மேஸ்திரி சொல்வார். அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஒரு தடவைக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் திணிக்கக் கூடாது. சந்து அகலமாக இருந்தால் சாந்தை மட்டும் அப்பாமல் சில்லுக்கல் அடித்து இறுக்க வேண்டும். முகம் கல்லின் மட்டத்துக்குச் சமமாக, அல்லது துளி உள்வாங்கி இருக்கட்டும். கல்லின் மேல் வழியக் கூடாது. கட்டைவிரல் அழுத்தினால் பதியாத பதம் வந்ததும் கெட்டித் தூரிகையால் தட்டினால் மேல் மழுமழுப்புப் போய்த் துளைகள் திறக்கும். அதன்பின் ஈரக் கோணியைத் தொங்கவிட்டு 7 முதல் 10 நாள் வரை வெயிலும் காற்றும் நேராகப் படாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். வேகமாகக் காய்ந்த சாந்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். அப்படி உதிர்ந்தால் எடுத்துவிட்டுத் திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் இந்த வேலையில் விடாதீர்கள்.

வேலை முடிந்த சுவரின் மேல் சிலிகான் நீர்புகாப் பூச்சு அடிக்க வேண்டாம். எங்காவது ஒரு விரிசல் வழியே தண்ணீர் நுழையத்தான் செய்யும். சிலிகான் அதை எளிதில் வெளியேற விடாது.

உள்ளே விடுதிக்காகச் செய்யும் மாற்றங்களில் நான்கு மிகவும் கெடுதல். முதலாவது, ‘கல் தெரிய வேண்டும்’ என்று உள்பூச்சைக் கொத்தி எறிவது. இந்தச் சுவர்கள் பூசுவதற்கென்றே கட்டியவை. பூச்சுப் போனதும் சந்துகள் திறக்கின்றன, அறையைத் தொடும் பரப்பு இன்னும் குளிர்கிறது. 15 முதல் 20 மில்லிமீட்டர் சுண்ணாம்புப் பூச்சு திரும்பப் போடுவதே நல்லது. இரண்டாவது, ஓதத்தை மறைக்க ஜிப்சம் பலகையோ பிவிசி பலகையோ அடிப்பது. பலகைக்குப் பின்னால் காற்றோட்டமில்லாத இருட்டு. ஜிப்சம் பலகையின் காகிதம் பூசணத்துக்கு நல்ல தீனி. மூன்றாவது, மரப்பலகைத் தரையின் கீழுள்ள காற்றுத் துளைகளை எலி வருமென்று அடைப்பது, அல்லது பலகையை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் போடுவது. துளையை அடைத்தால் சுவருக்குள் நுழையும் உத்தரத்தின் முனை உளுத்துப்போகும். கான்கிரீட் போட்டால் தரை வழியாக மெல்லப் போய்க்கொண்டிருந்த மண்ணின் ஈரம் முழுவதும் சுவருக்குத் திரும்பும். எலிக்குக் கம்பி வலை போதும்.

நான்காவது, படுக்கையறையின் வெளிச்சுவர் மூலையில் குளியலறை வைப்பது. கல் சுவரை வெட்டிக் குழாய் புதைக்கிறார்கள். இணைப்பு ஒன்று கசிந்தால் ஓராண்டு வரை தெரியாது. குளியலறையைக் கூடுமானவரை உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். வேறு வழியில்லையென்றால் கல் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் விலகித் தனியாக மெல்லிய சுவர் எழுப்பி அதில் டைல் ஒட்டுங்கள். குழாய் கண்ணுக்குத் தெரியும்படி மேலோடு போகட்டும். 6 அங்குல எக்ஸாஸ்ட் மின்விசிறி கட்டாயம். கனமான சுவரைத் துளைத்துப் போகும் அதன் காற்றுக் குழாய் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழை உள்ளே வழியும். குளித்து முடித்து 20 நிமிடம் வரை ஓடும்படி டைமர் வையுங்கள். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இல்லையென்றால் மின்விசிறி சத்தம் போடுமே தவிரக் காற்றை இழுக்காது.

அறைக்குள் உண்டாகும் ஈரத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு பேர் ஓரிரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் சேரும். அறைக்குள் துணி காயப்போட்டால் மேலும் ஒன்றிரண்டு லிட்டர். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை லிட்டர் அளவு நீராவி உண்டாகும்; ஆகவே கேஸ் ஹீட்டர் அறையைச் சூடாக்கிக்கொண்டே சுவரை நனைக்கும். அறைக் காற்று 18 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 12 டிகிரியிலுள்ள சுவரில் நீர் முத்து முத்தாகப் படியும். பூசணத்துக்கு அவ்வளவு கூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றாலே முளைக்கும். அதே அறையில் சுவர் 14 டிகிரி என்றால் அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம்! அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சூடான காற்று பின்னால் போகாது, அந்த இடம் இன்னும் குளிரும். 5 சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். உட்சுவருக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

மூடுபனியில் சன்னலைத் திறக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அறை சூடாக இருந்தால் திறக்கலாம். வெளியே 12 டிகிரி, 100 சதவீதம் ஈரமுள்ள காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 68 சதவீதம்தான். அறையும் 13 டிகிரியில் கிடந்தால் திறந்து பயனில்லை. இதற்கு நேர்மாறானது ஏப்ரல், மே. 22 டிகிரி, 75 சதவீதம் ஈரமுள்ள பகற்காற்றை, இரவெல்லாம் குளிர்ந்து 15 டிகிரியில் நிற்கும் கல் அறைக்குள் விட்டால் சுவரும் தரையும் வியர்க்கும். அந்நாட்களில் அதிகாலையில் திறந்து, வெயில் ஏறியதும் மூடிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியை ஒவ்வோர் அறையிலும் மாட்டி, 60 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

கணப்படுப்பின் புகைபோக்கியைச் செங்கல் வைத்து அடைத்திருந்தால் கீழே 20-க்கு 10 சென்டிமீட்டர் கிராதி வைத்து, மேலே மழை இறங்காமல் பக்கவாட்டில் காற்றுப் போகும் மூடி போடுங்கள். பழைய அறைகளுக்கு நாள் முழுக்கக் காற்று மாறிக்கொண்டிருந்ததே அந்த வழியாகத்தான். மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்து மூச்சு முட்டி உயிர் போன செய்திகளை மலை மக்கள் நன்கு அறிவார்கள். விருந்தினருக்கு எக்காரணம் கொண்டும் அதைக் கொடுக்காதீர்கள். எண்ணெய் ஹீட்டரைக் குறைந்த சூட்டில் நெடுநேரம் வைப்பது, இரவில் மட்டும் கொளுத்தி எடுப்பதைவிடச் சுவருக்கு நல்லது. ஈரமுறிஞ்சும் இயந்திரம் வாங்குவதானால், ‘நாளுக்கு 20 லிட்டர்’ என்ற கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி வெப்பத்தில் எடுத்தது என்பதை நினைவில் வையுங்கள். 15 டிகிரிக்குக் கீழே கம்ப்ரஸர் வகையின் சுருள் உறைந்து பாதி வேலைகூடச் செய்யாது. சிலிக்கா சக்கரம் சுழலும் வகையே மலைக்கு ஏற்றது.

முளைத்த பூசணத்தைச் சுத்தம் செய்ய: காய்ந்த துடைப்பத்தால் தேய்க்கக் கூடாது, வித்துகள் வீடெங்கும் பறக்கும். என்95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிட்டு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்துக் காயவிடுங்கள். வினிகர் வேண்டாம்; அது அமிலம், சுண்ணாம்புப் பூச்சை அரிக்கும். பிளீச்சிங் நீரையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீரால் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் முறத்தில் தள்ளி வெளியே கொட்டுங்கள். பூசணமே சற்று இருந்தால் என்ன என்பவர்களுக்கு: ஓதமும் பூசணமும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி, அத்தகைய வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதைச் சொல்கிறது. இவ்வளவு வரை பாதகமில்லை என்று பூசணத்துக்கு எந்த அளவையும் அது தரவில்லை.

கடைசியாகச் சுண்ணாம்பு அடித்தல். பால் போன்ற பதத்தில் மெல்லியதாக 4 அல்லது 5 பூச்சு, பூச்சுக்குப் பூச்சு ஒருநாள் இடைவெளி, ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்துக்கொண்டு. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூசணம் எளிதில் பிடிக்காது. ஆனால் ஒட்டுவதற்கென்று அரிசிக் கஞ்சி, வச்சிரப் பசை, வெல்லத் தண்ணீர் சேர்க்கும் சமவெளி வழக்கத்தை ஈர அறைகளில் விட்டுவிடுங்கள். அவையெல்லாம் பூசணத்துக்கு உணவு. உப்பும் வேண்டாம், காற்றின் ஈரத்தை இழுக்கும்.

இத்தனையும் செய்த மறுமாதமே சுவர் காய்ந்துவிடாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கொத்தனார் கணக்கு. இரண்டு பக்கமும் திறந்திருக்கும் இரண்டடிச் சுவருக்கு ஏறக்குறைய ஓராண்டு. அதற்குள் பொறுமையிழந்து எமல்ஷன் அடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உதகையில் உறைபனி விட்டபின், பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரைதான் சுண்ணாம்பு வேலைக்குக் காலம். இறுகாத சாந்தில் பனி உறைந்தால் அது மொத்தமும் உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இல்லை என்று சொல்வதையும் ஏற்க முடியவில்லை. சமவெளியில் கோயில் திருப்பணிகளில் கடுக்காய் நீரும் சுண்ணாம்பும் கொண்டு வேலை செய்யும் கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் டிசம்பரிலேயே பேசி வைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பை (ஈரத்திலேயே இறுகும் சுக்கான்கல் சுண்ணாம்பை அல்ல) அப்போதே நீற்றி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி டிரம்மில் மூடி வைத்துவிடலாம். தண்ணீர் வற்றாதவரை அது கெடாது, நாளாக ஆகக் குழைவு கூடும்.

இப்படிக்கு,
பழைய கல் கட்டட மராமத்துக் கொத்தனார்களும் பொறியாளர்களும்,
நீலகிரி.